தரம் எங்கே தொடங்குகிறது?

உயர்சிறப்புத் தகுதி பெறும் அரசுக் கல்வி நிறுவனத்துக்கு ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் வரை வழங்க நடுவண் அரசு 2017இல் திட்டமிட்டது. டெல்லி, ஐதராபாத் பல்கலைக்கழகங்களும் அத்தகுதியைப் பெற்றன. ஆனால் நடுவண் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய்தான். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023இல் 37,000 ஆக உயர்ந்தபோதும் இது அசையவில்லை.

தேர்வில் வென்றவருக்குக் கூடுதல் தொகை நியாயமே என்பர். வேறுபாடு இருக்கட்டும், ஆனால் இருவரின் ஆய்வேட்டையும் ஒரே அளவுகோலால்தானே மதிப்பிடுகிறோம்? மொழியியல் போன்ற களஆய்வுத் துறைகளில், பயணச் செலவுக்கு வழியில்லாதவர் பத்து ஊர்களில் திரட்ட வேண்டிய தரவை இரண்டு ஊர்களோடு முடித்துக்கொள்கிறார். ஆய்வின் தரம் அங்கேயே சரிந்துவிடுகிறது. பின்னர் எழுப்பும் எந்தக் கட்டடமும் அதை ஈடுசெய்யாது. தர மேம்பாட்டு நிதியின் முதற்பங்கு ஆய்வாளரின் களப்பணிக்கே சேர வேண்டும்.