மஞ்சள் கற்பிக்கும் பாடம்

வங்கதேசத்தின் கிராமப்புறங்களில் கருவுற்ற பெண்கள் பலரின் ரத்தத்தில் காரீயம் மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தபோது, அது எங்கிருந்து வருகிறது என்பது முதலில் விளங்கவில்லை. மண், அரிசி, பூச்சிக்கொல்லி, உணவு சேமிக்கும் தகர டப்பா என ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். இறுதியில் ஐயம் சமையலறை மஞ்சள் தூளின் மீது விழுந்தது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் டாக்காவில் உள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையமும் இணைந்து நடத்திய இந்த ஆய்வின் முடிவுகள் 2019-ஆம் ஆண்டு வெளியாயின. பெண்களின் ரத்தத்தில் இருந்த காரீயமும் மஞ்சளில் இருந்த காரீயமும் ஒத்த வகையைச் சேர்ந்தவை என்பது ஐசோடோப்பு பகுப்பாய்வில் தெரியவந்தது. மஞ்சள் விளையும் 9 மாவட்டங்களில் 7 மாவட்டங்களில் கலப்படத்துக்கான சான்றுகள் கிடைத்தன.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருப்பது வெள்ளீயம். இங்கே பேசப்படுவது காரீயம். வண்ணப்பூச்சுத் தொழிலில் பயன்படும் 'லெட் குரோமேட்' என்கிற பளிச்சிடும் மஞ்சள் நிறமியின் வழியாகவே அது உணவில் கலக்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை மீட்கவியலாதபடி பாதிக்கக்கூடிய காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

ஆய்வாளர்கள் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. விவசாயிகளையும் ஆலைத் தொழிலாளர்களையும் மொத்த வியாபாரிகளையும் சந்தித்துப் பேசினார்கள். 1980-களில் பெருவெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்பதற்காகத் தொடங்கிய பழக்கம் அது என்பது தெரிந்தது. கிழங்கை மெருகேற்றும் இடத்தில் நிறமி சேர்க்கப்பட்டது. பளபளப்பான மஞ்சளே தரமானது என்று வாங்குவோர் நம்பியதால், சேர்க்காதவரின் சரக்கு விலைபோகவில்லை.

இது பொருளியல் நன்கறிந்த சிக்கல். வாங்குபவரால் தரத்தைக் கண்டறிய இயலாத சந்தையில், தரமற்ற பொருள் தரமான பொருளை வெளியேற்றிவிடும் என்பதை 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் விளக்கினார். அதற்காகப் பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். அவர் எடுத்துக்காட்டிய பழைய காரின் குறையாவது வாங்கிய சில மாதங்களில் வெளிப்பட்டுவிடும். மஞ்சளில் கலந்த காரீயமோ உண்ட பிறகும் வெளிப்படாது. சுவையிலோ மணத்திலோ அதற்கு அடையாளம் இல்லை. இத்தகைய சந்தை தானாகத் திருந்தாது. வெளியிலிருந்து தகவல் வந்தாக வேண்டும். பல்கலைக்கழக ஆய்வின் தேவை இங்கேதான் எழுகிறது.

வங்கதேச அரசு அந்தத் தகவலைப் பயன்படுத்தியது. டாக்காவின் ஷ்யாம்பஜார் மொத்தச் சந்தையில் கையடக்க எக்ஸ்-கதிர் கருவியுடன் அதிகாரிகள் சோதனையிட்டனர். கலப்பட மஞ்சள் விற்றவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அந்தக் காட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. சந்தைகளில் எச்சரிக்கைத் துண்டறிக்கைகள் விநியோகிக்கப்பட்டன. 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. 2020-இன் தொடக்கத்தில் அது 5 சதவீதமாகக் குறைந்தது. 2021-இல் ஒரு மாதிரியிலும் இல்லை. ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் இருந்த காரீய அளவும் குறைந்தது. இதற்குப் புதிய தொழில்நுட்பமோ பெரும் முதலீடோ தேவைப்படவில்லை.

மஞ்சள் உற்பத்தியிலும் ஏற்றுமதியிலும் உலகில் முதலிடம் வகிக்கும் நாம் எங்கே நிற்கிறோம்? இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு 2024-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் சுமார் 14 சதவீத மாதிரிகளில் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. பாட்னாவில் அது 1,000 மைக்ரோகிராமையும் கடந்தது. நம் நாட்டின் சட்ட வரம்பு 10 மைக்ரோகிராம். அந்த வரம்பை மீறிய நகரங்களின் பட்டியலில் சென்னையும் இருந்தது.

அதே 2024-இன் ஏப்ரல் மாதத்தில், எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகக் கூறி இந்திய நிறுவனங்களின் மசாலாப் பொருள்கள் சிலவற்றின் விற்பனையை ஹாங்காங் நிறுத்தியது. சிங்கப்பூர் ஒன்றைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. இரு நிகழ்வுகளிலும் நம் உணவைப் பற்றி நமக்குத் தெரிவித்தவர்கள் பெரும்பாலும் பிறரே.

நம்மிடம் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. மைசூரில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் கோவையில் வேளாண் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. உணவுப் பாதுகாப்புத் துறையும் மாதிரிகளை எடுக்கிறது. 14 நாள்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. ஆனால், அதிகாரியின் கேள்வி 'இந்தப் பொட்டலம் குற்றமுடையதா?' என்பதோடு முடிகிறது. 'கலப்படம் எந்தக் கட்டத்தில், எதனால் நுழைகிறது?' என்பது ஆய்வாளரின் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை காணாமல் முதல் கேள்வியை மட்டும் ஆயிரம் முறை கேட்பதால் பயன் குறைவு.

அந்த விடையை ஒரு துறை மட்டும் தர முடியாது. உணவறிவியலாளர் வியாபாரியிடம் விலை கேட்பதில்லை. என்னைப் போன்ற பொருளியல் ஆசிரியர்கள் பொருளைச் சோதித்துப் பார்ப்பதில்லை. வங்கதேச ஆய்வு வென்றதற்குக் காரணம் இந்தச் சுவர் அங்கே இல்லாததுதான்.

முடிவுகளைப் பகிரங்கமாக்கினால் ஈரோட்டு மஞ்சளின் விலை சரியும் என்ற அச்சம் எழலாம். அது புறந்தள்ளத்தக்க அச்சம் அன்று. ஆயினும், மறைக்கப்படும் ஐயம் நல்லவர் கெட்டவர் என்ற வேறுபாடின்றி அனைவர் மீதும் விழும். வெளியிடப்படும் முடிவுதான், மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, கலப்படமின்றிச் சந்தைக்குக் கொண்டுவரும் விவசாயியைத் தனித்துக் காட்டும். 2019-இல் ஈரோடு மஞ்சளுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு பிறப்பிடத்துக்குச் சான்று. தூய்மைக்கான சான்றையும் நாம் சேர்க்க வேண்டும்.

எனவே, ஆண்டுதோறும் வயல், மெருகேற்றும் ஆலை, மொத்தச் சந்தை, சில்லறைக் கடை ஆகிய நான்கு நிலைகளிலும் மாதிரிகளை ஆய்ந்து பொதுவெளியில் அறிக்கை வெளியிடும் பொறுப்பைத் தமிழக அரசு பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கான நிதி அரசுடையதாகவும், முடிவை வெளியிடும் உரிமை பல்கலைக்கழகத்துடையதாகவும் இருக்க வேண்டும். நுகர்வோராகிய நாமும் கண்ணைப் பறிக்கும் நிறத்தைத் தரம் என்று எண்ணும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். நிறமி கலந்தவர் வியாபாரி என்றாலும், அந்த நிறத்தைக் கேட்டு வாங்கியவர்கள் நாம்தான்.