முடியும் என்பதால் செய்யலாமா?

நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயில்கின்றனர். சோதனைக் குழாயில் கருவை உருவாக்கும் முறையைப் படம் வரைந்து பாகம் குறிக்கின்றனர். மரபணுவை வெட்டும் நொதி எது, ஒட்டும் நொதி எது என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிக்கின்றனர். மகிழ்ச்சியே. ஆயின், இவையெல்லாம் செய்யத்தக்கவைதாமா, யாருடைய இசைவோடு செய்யத்தக்கவை, எந்த எல்லை வரை என்று அந்த வகுப்பறையில் எவரேனும் வினவியதுண்டா? மத்தியப் பாடநூலில் உயிரித் தொழில்நுட்பத்தைப் பற்றிய பாடத்தின் கடைசியில் அறவியல் சிக்கல்கள் குறித்து ஒரு சிறு பகுதி இருக்கத்தான் இருக்கிறது. பந்தியின் கடைசியில் வைக்கும் பாயசம்கூட அதைவிடத் தாராளமாக இருக்கும்.

உயிரறவியலை விரிவுரையாக நடத்த வேண்டா, படிக்கக் கொடுத்து வாதிட விடவேண்டும் என்பதே நம் கட்சி. எதைப் படிப்பது? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம்.

1951ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி கருப்பை வாய்ப் புற்றுநோயுடன் வந்தார். ஐந்து பிள்ளைகளின் தாய். அவரிடம் ஒரு சொல்லும் கேளாமலே கட்டியிலிருந்து திசுவை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினர். அவ்வாண்டு அக்டோபரில், தம் 31ஆம் வயதில், அவர் இறந்தார். அவருடைய செல்கள் இறக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஓயாது பெருகின. போலியோ தடுப்பு மருந்தைச் சோதிக்கப் பயன்பட்டன. ‘ஹீலா’ என்ற பெயரில் விலைப்பொருளும் ஆயின. குடும்பத்தாருக்குச் செய்தி எட்டியதோ 1970களில்! அச்செல்களால் ஆதாயம் பெற்றதாக ஒரு நிறுவனத்தின் மீது அவர்கள் தொடுத்த வழக்கு 2023இல்தான் சமரசத்தில் முடிந்தது.

இவ்வரலாற்றை இரண்டு தாளில் அச்சிட்டு மாணவர் கையில் கொடுக்கட்டும். பாதிப்பேர் குடும்பத்தின் பக்கம் நிற்கட்டும், பாதிப்பேர் மருத்துவரின் பக்கம். மருத்துவர் பக்கம் பேச ஒன்றுமில்லை என்று எண்ணிவிட வேண்டா. செல்களை வளர்த்த ஜார்ஜ் கை அவற்றைப் பிற ஆய்வாளர்களுக்கு விலையின்றியே கொடுத்தார். நோயாளியிடம் இசைவு கேட்கும் வழக்கம் அந்நாளில் ஊன்றவில்லை. மருந்தால் பிழைத்த குழந்தைகளையும் கணக்கில் எடுக்கத்தானே வேண்டும்? அடுத்த வாரம் கட்சி மாறி வாதிடட்டும். தான் மறுத்ததைத் தானே நிலைநாட்ட வேண்டிவரும்போது மாணவன் மீண்டும் தாளைப் புரட்டுவான். புற்றுச் செல் மட்டும் ஏன் ஓயாமல் பெருகுகிறது என்றும் கேட்பான். அதுவும் உயிரியல்தானே!

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்பார்க்கு உள்ளூர்க் கதையே உண்டு. உறுப்பு விற்பனையைத் தடை செய்யும் சட்டம் 1994இல் வந்தது. உறவினர் அல்லாதாரும், அன்பினாலோ பற்றினாலோ கொடுப்பதாயின், குழுவின் அனுமதி பெற்றுக் கொடுக்கலாம் என்று அதில் ஒரு வழி விட்டிருக்கின்றனர். 2004இல் சுனாமி கொண்டுபோனது போக எஞ்சியோரைச் சென்னை எர்ணாவூரில் குடியமர்த்தினர். அங்கே மீனவப் பெண்கள் பலர் வறுமையால் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007இல் வெளியாயிற்று. முன்பின் அறியாத நோயாளி மீது ஏழைப் பெண்ணுக்குப் பொங்கிய அந்த ‘அன்பு’ எத்தகையது? சிறுநீரகத்தின் பணிகளை மனனம் செய்த மாணவர் இதை விவாதிக்கலாகாதா?

வாதிட விட்டால் பிள்ளைகளின் உள்ளத்தில் ஐயம் புகும் என்று நம்மவரிலும் சிலர் அஞ்சுகின்றனர். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, மூளையின் இயக்கம் முழுவதும் மீளாவண்ணம் நின்று அது சிதையத் தொடங்கிவிட்டதென வல்லுநர்கள் உறுதி செய்தால் அது மரணமே என்றது. 1987இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு அகாடமியோ, அந்நிலையில் கருவிகளை அகற்றலாம், ஆயினும் இதயமும் மூச்சும் நிற்கும் வரை மரணமெனத் தீர்க்கலாகாது என்றது. மருத்துவமும் மார்க்கமும் கற்ற பெருமக்களே வேறுபட்டனர். எவருடைய ஈமானும் அதனால் குறைந்துவிடவில்லை. அவ்விரு முடிவுகளைவிடச் சிறந்த வாசகம் நம் பிள்ளைகளுக்கு வேறு எது?

நாளை விபத்தில் அடிபட்ட ஒருவரின் படுக்கையருகே உறுப்புக் கொடைப் படிவம் நீட்டப்படும். அந்தக் குடும்பத்தில் அறிவியல் படித்தவள் பதினேழு வயதுப் பெண்ணொருத்தியாக மட்டுமே இருக்கக்கூடும். எல்லாரும் அவள் முகத்தையே நோக்குவர். அவளுக்குச் சிறுநீரகத்தின் நீள்வெட்டுத் தோற்றம் நன்றாகத் தெரியும்.

நேரமில்லை என்கிறார்கள் ஆசிரியர்கள். நீட் பயிற்சிக்கு ஞாயிற்றுக்கிழமையையும் விழுங்கும் பள்ளிகளில் மாதம் இரண்டு பாடவேளை கிடைக்காதா? பெற்றோர் கூட்டங்களில் இதை நாமே எழுந்து கேட்போம். ஒரே ஒரு நிபந்தனை: இதற்கு மதிப்பெண் வைக்க வேண்டா. வைத்தால் மறு ஆண்டே, நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து என்று அச்சடித்த கைடு கடைக்கு வந்துவிடும்.