ஜிப் தெரியுதாம்!

அறுபதுகளின் ஜப்பான் ராட்சதப் படம் என்றாலே நம்ம மக்களுக்கு ஒரு நமட்டுச் சிரிப்பு. "ரப்பர் உடைக்குள்ள ஆளுப்பா, ஜிப் தெரியுது பாரு!"

ஆமாம், ஆள்தான். பெயர் ஹருவோ நகாஜிமா. 1954 முதல் 1972 வரை காட்ஸில்லா உடைக்குள் வெந்தவர். முதலில் செய்த உடை ஏறக்குறைய 100 கிலோ! அது தாங்காத கனம் என்பதால், சற்று இலகுவாகச் செய்த இன்னொரு உடையைச் சுமந்துதான் பொம்மை டோக்கியோவை மிதித்தார். கேமராவை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டிப் படம்பிடித்ததால் திரையில் அந்த நடைக்கு ஒரு மலையின் கனம் வந்தது. தெரியாத்தனமாகச் செய்த வேலையா இது?

சரி, கதைக்கு வருவோம். 1961ல் வந்த 'மோத்ரா'வில் வில்லன் யார்? அந்துப்பூச்சியா? ஓரடி உயர இரட்டைப் பெண்களைத் தீவிலிருந்து கடத்திவந்து, டிக்கெட் போட்டுப் பாடவைக்கும் வியாபாரி. பூச்சி அவர்களை மீட்கத்தான் வருகிறது. (டோக்கியோ டவரைச் சாய்த்து அதிலேயே கூடு கட்டுவது தனி அழகு.) 1962ல் கிங்காங்கைக் கிளப்பி வருவது மருந்துக் கம்பெனி, டிவி விளம்பரத்துக்காக! 1964ல் கரையொதுங்கிய மோத்ரா முட்டையை மீனவர்களிடம் விலைபேசி வாங்கிக் காட்சிப்பொருளாக்கப் பார்க்கிறது இன்னொரு கம்பெனி. பி.காம். மாணவர்கள் விளம்பரப் பாடத்துக்கு முன் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

"மட்டமான படம், அதான் பிடிக்குது" என்பவர்கள் இதையெல்லாம் பார்ப்பதே இல்லை. 1965ல் காட்ஸில்லா வேற்றுக் கிரகத்தில் குதித்து ஆடுவது அபத்தம்தான், மறுக்கவில்லை. ஜப்பான் சிறுவர்களிடம் அப்போது பிரபலமாயிருந்த காமிக்ஸ் சேட்டை அது. சிரிக்கட்டும் என்றே வைத்தார்கள். வைத்த இடத்தில் சிரித்துவிட்டு, எடுத்தவனுக்கு விவரம் பத்தாது என்பது எந்த ஊர் நியாயம்?