இரும்புக்கு ஓர் ஆடை

 

மதரஸாவுக்குத் தம் பிள்ளையை அழைத்து வரும் சகோதரர் ஒருவர், ‘‘ஹஜ்ரத், கேப்ஸ்யூல் மாத்திரையின் உறை ஹலாலா?’’ என்று கேட்டார். அந்த ஐயத்தால் அவருடைய தாயார் மூன்று நாட்களாக மருந்தே உட்கொள்ளவில்லை என்பதும் பேச்சில் தெரிய வந்தது. உறை பற்றிய கேள்வி சிறிய கேள்வியன்று. இன்றைய மருத்துவ ஆய்வில் உறையே பெரும் பொருளாகி விட்டதைச் சற்றுக் காண்போம்.

திருக்குர்ஆனின் 57-ஆவது அத்தியாயத்திற்கு ‘அல்ஹதீத்’, அதாவது ‘இரும்பு’ என்று பெயர். இரும்பில் மனிதர்க்குப் பலன்கள் உண்டென அது எடுத்துரைப்பதை நாம் ஓதி வருகிறோம். நம் உடலிலும் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. அது குறைந்தால் இரத்தசோகை. கட்டின்றித் திரிந்தாலோ அதுவே உயிரணுக்களைச் சிதைக்கும். ஆகவே மிகுதியான இரும்பைப் பூட்டி வைக்க வல்ல அல்லாஹ் ஒரு பெட்டகத்தைப் படைத்திருக்கிறான். அதுவே ஃபெரிட்டின் என்னும் புரதம்.

24 புரதத் துண்டுகள் கூடி அமைந்த, உள்ளே வெறுமையான உருண்டை அது. குறுக்களவு 12 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே நானோமீட்டர். அந்நுண்ணிய உருண்டைக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். 1937-இல் விலெம் லவுஃப்பெர்கர் என்னும் செக் அறிஞர் குதிரையின் மண்ணீரலிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார்.

காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்ஸைடை இவ்வாறே மிகச் சிறு துகள்களாக்கினால் பல பயன்கள் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தில் நோயுற்ற இடத்தைத் தெளிவாகக் காட்டும். வெளியே வைத்த காந்தத்தால் மருந்தை உரிய இடத்திற்கு ஈர்க்கலாம். மாறி மாறி இயங்கும் காந்தப்புலத்தில் துகளைச் சூடேற்றிப் புற்றணுக்களை அழிக்கலாம்.

ஆனால் உறையின்றி இரத்தத்தில் நுழையும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். இரத்தப் புரதங்கள் அவற்றின்மீது படியும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் காவல் புரியும் அணுக்கள் அவற்றை அந்நியப் பொருளென விழுங்கி விடும். எனவே இரத்தத்திலுள்ள ஆல்புமின், பாலிலுள்ள கேசின், ஜெலட்டின் முதலிய புரதங்களைத் துகளுக்கு ஆடையாக உடுத்தி ஆராய்கின்றனர். அவ்வாடை துகள்களைத் திரளாமல் காக்கிறது. மருந்தைப் பிணைக்கவும் இடம் தருகிறது.

1992-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்டீஃபன் மான் குழுவினர், ஃபெரிட்டினிலிருந்த இரும்பை நீக்கி, அந்த வெற்று உறைக்குள் காந்த இரும்பை உருவாக்கினர். மனித ஃபெரிட்டின் பலவகைப் புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுந்துள்ள ஓர் ஏற்பியோடு இணையும். இதனைக் கொண்டு சீன அறிஞர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 9 வகைப் புற்றுநோய்களைச் சார்ந்த 474 திசு மாதிரிகளில் புற்றணுக்களை நிறமேற்றி இனங்கண்டனர். அடையாளம் கண்டது உள்ளிருந்த இரும்பன்று, உறையே!

எனினும் அவசர நம்பிக்கை கூடாது. அச்சோதனை உடலுக்கு வெளியே, எடுத்த திசுவில் செய்யப்பட்டது. 2009-இல் அமெரிக்காவில் இரத்தசோகைக்கு அனுமதி பெற்ற ஃபெருமாக்ஸிடால் என்னும் நுண்ணிரும்பு மருந்தின் உறை புரதமன்று, சர்க்கரை வகை. அதற்கும் கடும் ஒவ்வாமை நேரலாமென 2015-இல் அங்கே தீவிர எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

இனி அச்சகோதரரின் கேள்விக்கு வருவோம். ஜெலட்டின் மாட்டிலிருந்தும் கிடைக்கும், பன்றியிலிருந்தும் கிடைக்கும். 1995-இல் குவைத்தில் கூடிய மருத்துவ, மார்க்க அறிஞர்கள், முற்றிலும் உருமாறிய ஜெலட்டின் தூய்மையானதே என்று கருத்துரைத்தனர். அதை ஏற்காத உலமாக்களும் உளர். மேற்கூறிய 2012 ஆய்விலோ, மனித ஃபெரிட்டினை நுண்ணுயிரிகளில் விளைவித்தே எடுத்தனர். அதற்காக எப்பிராணியும் அறுக்கப்படவில்லை. ஆக, ‘புரதம்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் ஹலாலென்றோ ஹராமென்றோ நாமே தீர்ப்பளிப்பது முறையன்று.

மருந்தின் மூலப்பொருளை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மாற்று மருந்து உண்டா என்றும் கேளுங்கள். பிறகு உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் அவ்விவரத்தோடு செல்லுங்கள். உயிருக்கு நெருக்கடி நேரும்போது மார்க்கம் வழங்கும் சலுகையை அவர் விளக்குவார். கேட்காமலே மருந்தை நிறுத்துவது பேணுதலாகாது. அல்லாஹ் அளித்த அமானிதமாகிய உடலுக்கு இழைக்கும் தீங்காகும்.

அச்சகோதரரிடம் இதையே சொன்னேன். மறுநாள் மருத்துவர் அதே மருந்தை உறையில்லா மாத்திரையாக எழுதிக் கொடுத்தாராம். ஒரு கேள்வியில் முடிந்திருக்க வேண்டியதற்கு அத்தாய் மூன்று நாள் நோயைச் சுமந்திருக்கிறார். பயனுள்ள கல்வியை வல்ல நாயன் நம் இல்லங்களில் பெருகச் செய்வானாக! ஆமீன்.