நிறையாத தொட்டி நல்ல தொட்டியா?

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வீடு கட்டுவோரிடையே ஆழ வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு: கட்டிய நாள்முதல் ஒருமுறைகூட நிறையாத செப்டிக் டேங்கே தரமானது என்பதே அது. இருபது ஆண்டுகளாகக் கழிவுநீர் லாரியை அழைக்கவே இல்லை என்பது கொத்தனாரின் கைத்திறனுக்குச் சான்றாகப் பெருமையுடன் சொல்லப்படுகிறது. திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டி, அடி அண்ணாமலை போன்ற ஊர்களில் வீடுகளும் விடுதிகளும் பெருகிவரும் நிலையில், குடிநீரையே கெடுக்கவல்ல இந்த நம்பிக்கையை மறுத்தாக வேண்டும்.

செப்டிக் டேங்க் என்பது அடியிலும் பக்கங்களிலும் நீர் கசியாதவாறு பூசப்பட்டு, அறைகளாகத் தடுக்கப்பட்ட தொட்டியாகும். அதனுள் வரும் கழிவில் கனமானவை கசடாக அடியில் படிய, எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்க, இடைப்பட்ட நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சு குழிக்குச் செல்கிறது. காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் கசடில் ஒரு பகுதியையே செரிப்பதால், எஞ்சியது ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே வருகிறது. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை அகற்ற வேண்டும் என்று பொறியியல் நெறிமுறைகள் கூறுவது இதனால்தான். எனவே நிறையாத தொட்டி என்றால், ஒன்று அதற்கு அடித்தளம் இல்லை, அல்லது கசடு நீரோடு கலந்து தெருக் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது. வெறும் சிமெண்ட் உறைகளை இறக்கி மூடிய குழி பல இடங்களில் செப்டிக் டேங்க் என்ற பெயரில் வழங்குவது முதல் வகையைச் சேர்ந்தது.

மண் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். ஆழமான மண்ணும் குறைந்த பயன்பாடும் உள்ள இடத்தில் இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் திருவண்ணாமலை வட்டாரம் கடும்பாறை நிலம். இங்கே நிலத்தடி நீர் பாறையின் மேலுள்ள சிதைவடுக்கிலும் பாறை வெடிப்புகளிலுமே தேங்குகிறது. வெடிப்பை அடைந்த கழிவுநீர் வடிகட்டப்படாமலே ஆழ்துளைக் கிணற்றைச் சேரக்கூடும். அதிலுள்ள நைட்ரேட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது, நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என இந்தியத் தர நிர்ணயம் வரையறுத்திருப்பது, கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனை எடுத்துச்செல்லும் ஆற்றலை அது குலைத்துவிடும் என்பதால்தான்.

சுத்திகரிப்பு மாநகரங்களுக்கே கட்டுப்படியாகும் என்ற வாதமும் நிற்காது. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி என்னும் பேரூராட்சியிலேயே, லாரிகள் கொண்டுவரும் கசடைப் படுகைகளில் பரப்பி உலர்த்தி, வடியும் நீரைத் தனியே சுத்திகரிக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. அருகருகே உள்ள உள்ளாட்சிகளை ஒருங்கிணைத்து, கசடைப் பக்கத்திலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கே அனுப்ப வழிகாட்டும் நெறிமுறைகளைத் தமிழ்நாடு அரசு 2014-லேயே வெளியிட்டது. இத்தகைய இடம் இல்லாத ஊரில், தொட்டியைச் சுத்தம் செய்வது கழிவை ஏரிக்கரைக்கு இடம் மாற்றுவதாகவே முடியும் என்பதால், நிலையம் அமைக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது அன்று, அரசுடையது.

ஆண்டுக்கணக்கில் தீண்டப்படாத தொட்டியில் கசடு இறுகி, நச்சுவாயு சூழ்ந்திருக்கும். லாரியின் குழாய்க்கு வராத கசடை எடுக்க மனிதர் இறக்கப்படும்போது உயிர்கள் பலியாகின்றன. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அபாயகரமான முறையில் மனிதரைக் கொண்டு தொட்டிகளைச் சுத்தம் செய்விப்பதைத் தடைசெய்த பின்னும் சாவுகள் தொடர்ந்தமையால், 2023-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்த வேண்டியதாயிற்று. நிறையாத தொட்டியின் பெருமைக்குள் இந்தச் சாவுகளும் அடங்கியிருக்கின்றன. ஆகவே கட்டட அனுமதியின்போதே தொட்டியின் அடித்தளத்தைச் சோதிப்பதும், மூன்றாண்டுக்கு ஒருமுறை எல்லா வீடுகளிலும் முறைவைத்துக் கசடு அகற்றுவதும் ஊராட்சிகளின் கட்டாயக் கடமையாக்கப்பட வேண்டும்.