பத்து இலட்சக் கோடு!

"வாடகைக்குக் கொடுக்கும் பணத்தை வங்கிக்குக் கொடுங்கள், வீடு உங்களுடையது!" தெருமுனைப் பலகைகள் இப்படித்தான் அழைக்கின்றன. இனிப்பான அழைப்பு! ஷிப்டு முடிந்து, வியர்வை உலராத சட்டையோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தோழன் அந்தப் பலகையை அண்ணாந்து பார்க்கிறான். ஆண்டு தவறாமல் வாடகையை உயர்த்தும் வீட்டுக்காரர் நினைவுக்கு வருகிறார். நமக்கும் ஒரு வீடு, ஏன் கூடாது? கூடும், கூடவேண்டும்! ஆனால் பலகை சொல்லாமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது.

ஆவடிக்கு அப்பால், முன்பே ஒருவர் கட்டிக் குடியிருந்த சிறு தனிவீடு. விலை 25 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 இலட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தரலாம் என்கிறதே தவிர, தந்தே தீரவேண்டும் என்று விதி சொல்லவில்லை. எனினும் முழுவதும் கிடைத்ததாகவே எண்ணுவோம். வங்கி தருவது 22½ இலட்சம். கையிலிருந்து போடவேண்டியது 2½ இலட்சம். சீட்டு எடுத்து, சேமநல நிதியில் கேட்டு, மனைவியின் வளையலையும் கழற்றி, இரண்டரையைச் சேர்த்துவிட்டான் தோழன். சொந்தக்காரரோடு கிரய ஒப்பந்தம் போட்டு, முன்பணமும் கொடுத்துவிட்டான். மூன்று மாதக் கெடு. வீடு வந்துவிட்டதா?

வரவில்லை! வழியில் பதிவு அலுவலகம் நிற்கிறது.

முத்திரைத் தீர்வையும் அதனோடு சேர்ந்த சொத்து மாற்றத் தீர்வையும் 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 25 இலட்சத்துக்கு இரண்டும் சேர்ந்து 2,25,000 ரூபாய். அரசின் வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால், அந்த மதிப்பின்மேல்தான் கணக்கு. (பதிவுக் கட்டணம் ஒரு காலத்தில் 1 சதவீதமாக இருந்தது, 2017இல் 4 ஆயிற்று, 2023இல் 2 ஆகக் குறைந்தது.) இதற்குமேல் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்த்துச் சொல்லும் வக்கீலுக்கு, வீட்டை மதிப்பிடுபவருக்கு, வங்கியின் பரிசீலனைக்கு, பத்திரம் எழுதுபவருக்கு, வங்கியிடம் பத்திரத்தை ஒப்படைக்கும் ஆவணத்தின் பதிவுக்கு, தரகருக்கு! இரண்டரை போதுமென்று வந்தவன் ஐந்தை எண்ணி வைத்தாக வேண்டும். கெடு தாண்டினால் முன்பணத்துக்கே ஆபத்து.

"இந்த இரண்டே கால் இலட்சத்தையும் வீட்டின் செலவோடு சேர்த்துக் கடன் தாருங்கள்" என்று கேட்டால் என்ன? கேட்கலாம். வங்கி மேலாளர் கையை விரிப்பார். அவர்மீது கோபித்துப் பயனில்லை. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், ஆவணச் செலவு ஆகியவற்றை வீட்டின் விலையோடு கூட்டக்கூடாதென்று 2012இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2015இல் ஒரு சலுகை வந்தது. 10 இலட்சத்துக்கு மேற்படாத வீடானால் அவற்றையும் கூட்டிக்கொள்ளலாமாம்!

பத்து இலட்சம்! சென்னையைச் சுற்றி எந்த ஊரில், எந்தத் தெருவில் அந்த விலைக்குக் குடியிருக்கும்படியான வீடு கிடைக்கிறது? காலி மனைக்கே அந்தப் பணம் காணாதே!

தமிழக அரசும் 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் பதிவாகும் சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்தது. நல்ல காரியம், பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று பேசியவர்கள் மகிழவேண்டிய காரியம். ஆனால் அங்கும் அதே கோடு, மதிப்பு 10 இலட்சத்துக்குள் இருக்கவேண்டும். மும்பையிலிருந்து வந்த சலுகையும் கோட்டையிலிருந்து வந்த சலுகையும் ஒரே கோட்டின் அந்தப்பக்கம் நிற்கின்றன. இந்தப்பக்கம் நிற்கிறான் நம் தோழன்.

ரிசர்வ் வங்கிக்கு ஒரு நியாயம் இல்லாமலில்லை. கடன் கட்டத் தவறினால் வீட்டை விற்று எடுக்கவேண்டும். முத்திரைக்குப் போன பணத்தை எவரிடம் விற்பது? அமெரிக்காவில் 2008இல் வீட்டின் மதிப்பையே தொடும்படி கடன் கொடுத்த வங்கிகள் கவிழ்ந்ததை உலகம் கண்டது. அச்சம் சரி. ஆனால் வங்கி மறுத்தவுடன் அந்தக் கடன் இல்லாமல் போகிறதா? வங்கிப் பேரேட்டில் இல்லாத கடன், வட்டிக்காரன் நோட்டில் ஏறுகிறது! கூடுதலாக வங்கியில் கேட்கும் தொகை சுமார் 2 இலட்சம், 8.5 சதவீத வட்டியில், 20 ஆண்டுத் தவணையில், அதற்கு மாதம் ஏறத்தாழ 1,750 ரூபாய் கட்டினால் போதும். அதையே மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் வட்டி மட்டும். அசல் அப்படியே கிடக்கும். எந்தக் கடன் அவனைத் தவணை தவற வைக்கும்?

இன்னொரு தீமையும் உண்டு. "பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடுவோம், உனக்கும் முத்திரை மிச்சம்" என்று விற்பவர் ஆசை காட்டுவார். ஏமாறக்கூடாது. பத்திரத்தில் ஐந்து இலட்சம் குறைந்தால், மிச்சமாவது 45,000. வங்கிக் கடனில் குறைவதோ நாலரை இலட்சம்! அந்த ஐந்தையும் கறுப்பில் ரொக்கமாகக் கொடுக்கவேண்டியவன் தொழிலாளி.

தவணையைப் பற்றியும் ஒரு சொல். 22½ இலட்சத்துக்கு அதே வட்டியில், அதே 20 ஆண்டில், மாதம் 19,500க்குச் சற்று மேல். முதல் மாதத் தவணையில் ஏறத்தாழ 16,000 வட்டிக்குப் போகும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி 4லிருந்து 6.5க்கு ஏறியபோது, தவணை மாறாமல் ஆண்டுகள் நீண்டதைக் கண்டு திகைத்தவர் பலர். தவணையை உயர்த்துவதா, ஆண்டை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரையே கேட்கவேண்டுமென 2023 ஆகஸ்டில் விதி வந்தது. கேட்காவிட்டால், நாமே போய்க் கேட்கவேண்டும்.

எல்லா வீட்டுக்கும் சலுகை வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. மூன்றாவது வீடு வாங்குகிறவருக்கு முத்திரைக்குக் கடன் எதற்கு? முதல் வீடு, குடியிருக்கும் வீடு, 30 இலட்சத்துக்கு உட்பட்ட வீடு, இதற்கு மட்டும் கேட்கிறோம். முத்திரையையும் பதிவையும் வீட்டின் செலவோடு சேர்க்க ரிசர்வ் வங்கி ஒப்புமா என்று நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி. பெண்களுக்கான பதிவுச் சலுகையின் 10 இலட்ச வரம்பு எப்போது உயரும் என்று சட்டமன்றத்தில் ஒரு கேள்வி. நம் உறுப்பினர்கள் இரண்டையும் எழுப்பட்டும். சங்கக் கிளைகள், வீடு வாங்கிய தோழர்களிடம் பத்திரச் செலவு எவ்வளவு, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, என்ன வட்டி என்று கேட்டு எழுதி, அவர்கள் கையில் கொடுக்கட்டும்.