தேமோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வைத்தியம்

பிரித்துப் பூட்டிய பழைய லொறி என்ஜின் கொதித்தால், நம்மூர்க் கராஜ்கள் பலவற்றில் முதற்காரியம் தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிவதுதான். இதை வைத்தியம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பல டீசல் என்ஜின்களில் சூடேறியதும் பக்கவழியை மூடுவது அதே தேமோஸ்ரற்தான். அது இல்லையேல் சுடுநீரில் ஒரு பங்கு றேடியேற்றரை எட்டிப்பாராமலே என்ஜினுக்குத் திரும்பிவிடும்.

மீற்றர் காட்டுவது மெய்தானா? தண்ணீர் நிரப்புகையில் காற்று அடைபட்டதா? ஹெட் கஸ்கற்றின் துளைகள் நீர்வழிகளோடு பொருந்துகின்றனவா? ஆறிய என்ஜினை, றேடியேற்றர் மூடியைத் திறந்துவைத்து இயக்கிப் பாருங்கள். அடைபட்ட காற்று வெளியேறிய பின்னும் குமிழிகள் ஓயாவிட்டால் கஸ்கற்றையோ ஹெட்டின் வெடிப்பையோ சந்தேகிக்கலாம்.

"புது வேலை, இறுக்கமாய் இருக்கும், ஓடஓடச் சரிவரும்" என்று அனுப்பிவைப்பது மகாபாதகம். சற்றுக் கூடிய சூடு இயல்பு, கொதிப்பு இயல்பன்று. ஹெட் வளைந்தபின் பழி சாரதியின் தலையில் விழுகிறது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓடவைத்த யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் திறமையை நான் ஐயுறவில்லை. பொறுமையைத்தான் கேட்கிறேன். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் பழைய லொறியே பலருக்குச் சோறுபோட்டது. கூலியை எண்ணிக் கொடுக்குமுன் அந்தக் குமிழிச் சோதனையைக் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள்.